ஃபுட்பால் பிசினஸ் படிக்க மறுபடியும் காலேஜா? ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களுக்கு ஒரு விமர்சனம்

கன்சல்டன்சியில் நீட்டும் கையேட்டின் முதல் பக்கத்தில் வெம்ப்ளி ஸ்டேடியம் இருக்கும். கடைசிப் பக்கத்தில் கட்டணம் இருக்கும். நடுவில் இருக்க வேண்டியது பாடத்திட்டம். அது பெரும்பாலும் இருக்காது. கேட்டால், "அதெல்லாம் சேர்ந்த பிறகு போர்ட்டல்ல வரும் சார்" என்பார்கள். அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

இந்த விமர்சனம் யாருக்கு என்றால், பி.காம், பி.பி.ஏ., இன்ஜினியரிங் என்று ஏதோ ஒன்றை முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டு, முப்பது வயதைத் தாண்டிய பிறகு கால்பந்து நிர்வாகம் படிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு. பதினெட்டு வயதுப் பையன் தவறான கோர்ஸில் சேர்ந்தால் ஒரு வருடம் போகும். உங்களுக்கு சர்வீஸும் கிராஜுவிட்டியும் சேர்ந்து போகும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு கிளப்பின் கணக்குப் புத்தகத்தையும் ஒப்பந்தத்தையும் படிக்கக் கற்றுத்தரும் கோர்ஸுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கலாம். ஸ்டேடியத்தைச் சுற்றிக்காட்டும் கோர்ஸுக்கு அந்த ஸ்டேடியத்தின் டூர் டிக்கெட் விலைதான் தகும்.

முதலில் சந்தையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். லிவர்பூல் பல்கலைக்கழகம் 1997-இல் கால்பந்துக்கென்றே ஒரு எம்.பி.ஏ.வைத் தொடங்கியது, இந்தத் துறையின் மூத்த படிப்புகளில் ஒன்று. ஃபிஃபா மாஸ்டர் 2000-இல் வந்தது. ஒரே கல்வியாண்டில் மூன்று நாடு: இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட்டில் விளையாட்டின் வரலாறும் சமூகமும், இத்தாலியின் எஸ்.டி.ஏ. பொக்கோனியில் மேலாண்மை, சுவிட்சர்லாந்தின் நியூஷாடெலில் சட்டம். ஒரு பேட்ச்சுக்கு முப்பது பேர் அளவில்தான் எடுப்பார்கள். கால்பந்து வணிகத்துக்கென்றே உள்ள யு.சி.எஃப்.பி. கல்லூரி 2011-இல் இங்கிலாந்தின் பர்ன்லி கிளப் மைதானத்தில் தொடங்கி, பிறகு வெம்ப்ளிக்கும் மான்செஸ்டருக்கும் போனது. பார்சிலோனாவின் ஜோகன் கிராய்ஃப் இன்ஸ்டிட்யூட் கால்பந்து வணிகத்தில் ஆன்லைன் மாஸ்டர் நடத்துகிறது. உள்நாட்டில் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், புனே சிம்பயாசிஸ், வேலையில் இருப்பவர்களுக்கான ஐ.ஐ.எம். ரோத்தக் டிப்ளமோ ஆகியவை விளையாட்டு மேலாண்மையைப் பொதுவாகச் சொல்லித் தருகின்றன. இவற்றில் கால்பந்து ஒரு பகுதிதான், ஆனால் கட்டணமும் அலைச்சலும் வெளிநாட்டை விடக் குறைவு.

பெயரை வைத்து எடை போட வேண்டாம். ஒரு கோர்ஸைச் சோதிக்க அட்மிஷன் ஆபீசில் ஒரு கணக்கைக் கேளுங்கள். ஒரு கிளப் ஒரு வீரரை 100 கோடிக்கு, ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்குகிறது. மூன்று வருடம் கழித்து 55 கோடிக்கு விற்கிறது. லாபமா, நட்டமா?

டீக்கடையில் கேட்டால் 45 கோடி நட்டம் என்பார்கள். கிளப்பின் கணக்கில் அது 15 கோடி லாபம். வாங்கிய விலை ஒப்பந்தக் காலத்துக்குச் சமமாகப் பிரிக்கப்பட்டு, வருடத்துக்கு 20 கோடி செலவாக ஏறும். மூன்று வருடத்தில் 60 கோடி கழிந்து, புத்தக மதிப்பு 40 கோடியில் நிற்கும். 55-இல் 40 போனால் மீதி 15. சிப்காட்டில் லேத் மெஷினுக்குத் தேய்மானம் போட்டவருக்கு இது புதிதே இல்லை. மெஷின் இருந்த இடத்தில் ஆள் நிற்கிறார், அவ்வளவுதான். இதே வீரர் கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்தவராக இருந்தால் புத்தக மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். 55-உம் லாபம். உள்ளூர்ப் பையனைக் கிளப் ஏன் கண்ணை மூடிக்கொண்டு விற்கிறது என்று ரசிகர்கள் கேட்டுத் திட்டுகிறார்களே, அதற்கான விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அடுத்த கேள்வி: மூன்றாம் வருட முடிவில் விற்காமல், ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டினால்? மீதி 40 கோடி, மீதமுள்ள ஐந்து வருடத்துக்குப் பரவும். வருடச் செலவு 20-இலிருந்து 8 கோடிக்கு இறங்கும். கையிலிருந்து போகும் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. சொல்லப்போனால் சம்பளம் ஏறியிருக்கும். செல்சி 2023 ஜனவரியில் என்சோ பெர்னாண்டஸை எட்டரை வருட ஒப்பந்தத்தில் எடுத்ததன் சூட்சுமம் இதுதான். அந்த வருடமே ஐரோப்பியச் சங்கமான யூஃபாவும், டிசம்பரில் இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகும், எத்தனை வருட ஒப்பந்தம் போட்டாலும் விலையை ஐந்து வருடத்துக்கு மேல் பரப்ப முடியாது என்று கதவைச் சாத்தின.

இங்கேதான் பழைய பாடத்திட்டம் மாட்டிக்கொள்ளும். யூஃபா விதி இப்போது அணிச் செலவு விகிதத்தில் நிற்கிறது. வீரர் மற்றும் பயிற்சியாளர் சம்பளம், வாங்கிய விலையின் வருடப் பங்கு, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 90%, 80% என்று படிப்படியாக இறங்கி, 2025–26 முதல் 70%-க்குள் இருக்க வேண்டும். பிரீமியர் லீகில் மூன்று வருடத்துக்கு 10.5 கோடி பவுண்டு நட்ட வரம்பு இருந்தது. அதை மீறியதற்காக எவர்ட்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டப்பட்டு, மேல்முறையீட்டில் 6 ஆனது. 2026–27 முதல் அங்கேயும் 85% அணிச் செலவு விகிதத்துக்கு மாற முடிவெடுத்துவிட்டார்கள். கோர்ஸின் சிலபஸில் 'ஃபைனான்ஷியல் ஃபேர் பிளே' (வரவுக்கு மீறிச் செலவழிக்காதே என்ற பழைய விதியின் பெயர்) என்று மட்டும் இருந்து, இந்த விகிதங்கள் இல்லை என்றால், அந்த நோட்ஸ் சில வருடமாகப் பீரோவைத் தாண்டவில்லை என்று அர்த்தம்.

சட்டப் பாடத்துக்கும் இப்படி ஒரு சோதனை இருக்கிறது: சாலிடாரிட்டி பங்கு. ஒரு வீரர் ஒப்பந்தம் முடியும் முன் நாடு விட்டு நாடு விற்கப்பட்டால், விலையில் 5% அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வயது வரையான நான்கு சீசனுக்கு விலையில் தலா 0.25%, 16 முதல் 23 வரையான எட்டு சீசனுக்குத் தலா 0.5%. கிருஷ்ணகிரியில் ஒரு சின்ன கிளப் ஒரு பையனை அந்த முதல் நான்கு சீசனும் வைத்திருந்தது, அவர் பிறகு ஒரு கோடிக்கு வெளிநாடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளப்புக்கு 1%, அதாவது ஒரு லட்சம். பந்து, வலை, பஸ் வாடகைக்கு அது பெரிய தொகை. ஆனால் அந்தப் பையன் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில் அந்த கிளப்பின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். மைதானத்து வருகை நோட்டு, குரூப் போட்டோ, கோப்பை எதுவும் செல்லாது. இரண்டு மாவட்டத்திலும் வாட்ஸாப் குரூப்பாக மட்டும் இயங்கும் அணிகளுக்கு இந்தப் பணம் பிறப்பதற்கு முன்பே போய்விடுகிறது. இதைக் கரும்பலகையில் கணக்காகப் போட்டுக் காட்டும் ஆசிரியர் இருக்கும் கோர்ஸ் நல்ல கோர்ஸ்.

வீரர்களுக்காக ஒப்பந்தம் பேசும் ஏஜென்ட் ஆகத்தான் ஆசை என்றால் டிகிரியே வேண்டாம். ஃபிஃபா தேர்வில் 20 கேள்வி, 60 நிமிடம், 75% எடுத்தால் தேர்ச்சி; விதிப்புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். பார்த்து எழுதுவதுதானே என்று போகிறவர்களுக்கு ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், எந்தப் பக்கத்தில் எது என்று தேடுவதற்குள் மணி அடித்துவிடும். மாஸ்டர்ஸ் படித்தால் இந்த லைசென்ஸ் தானாக வரும் என்று யாராவது சொன்னால் அது பொய்.

வெளிநாட்டுக் கோர்ஸ்களில் எங்களுக்குள்ள பெரிய குறை, அவை நம் ஊர்க் கணக்கைச் சொல்லித் தராததுதான். அது அவர்கள் தவறும் இல்லை. மூன்று உதாரணம். அங்கே பல கிளப்கள் ஜூன் 30-இல் கணக்கு முடிக்கின்றன. அதனால்தான் ஜூன் கடைசி வாரத்தில் அவசர விற்பனைகள் நடக்கும். நம் கம்பெனிச் சட்டப்படி மார்ச் 31. சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணக்கு முடியும், ஒரு சீசன் இரண்டு நிதியாண்டில் விழும். இந்திய கிளப்பின் இரண்டு வருடக் கணக்கை ஒப்பிடுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவார்.

இரண்டாவது டிக்கெட். அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டிக்கு 500 ரூபாய் வரை டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, தாண்டினால் 18%. ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் முதல் 40%. 500 ரூபாய் டிக்கெட்டை 550 ஆக்கினால் வாங்குபவர் கொடுப்பது 649. கிளப்புக்குக் கூடுதலாக வருவது 50, ரசிகர் கூடுதலாகக் கொடுப்பது 149. லண்டனில் டிக்கெட் விலை நிர்ணயம் படித்தவர் இந்தப் படிக்கட்டில்தான் தடுக்கி விழுவார்.

மூன்றாவது, ஓசூருக்கே உரியது: ஸ்பான்சரும், சி.எஸ்.ஆர். எனப்படும் கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவும். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2%-ஐ சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சிப்காட்டில் இப்படிப்பட்ட கம்பெனிகள் உண்டு. ஆனால் எச்.ஆரிடம் போய் "சி.எஸ்.ஆர். நிதி கொடுங்க, ஜெர்சியில உங்க பேர் போடுறோம்" என்றால் அங்கேயே கதை முடிந்தது. விளம்பரப் பலனுக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆரில் சேராது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஜெர்சிக்கு மார்க்கெட்டிங் பட்ஜெட்டில் கேட்க வேண்டும். சிறுவர் பயிற்சிக்கு சி.எஸ்.ஆரில் கேட்க வேண்டும். அதற்குப் பதிவு பெற்ற டிரஸ்ட் அல்லது சொசைட்டி, 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், சி.எஸ்.ஆர்.-1 படிவம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். ஒரே கம்பெனிக்கு இரண்டு மனு, இரண்டு மேசை. உள்நாட்டுப் படிப்புகள் வெளிநாட்டை முந்த வேண்டிய இடம் இது. சேருமுன் அவர்கள் பாடத்திட்டத்தில் இது இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி போகும் வழி. இங்கிலாந்து என்றால், குடும்பம் உள்ளவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: 2024 ஜனவரி முதல் வகுப்பறை மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர் மனைவி, கணவர், பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. படிப்பு முடிந்து வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசா 2 வருடமாக இருந்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். அதற்குப் பிறகு தங்க ஸ்கில்டு ஒர்க்கர் விசா வேண்டும். 2025 ஜூலை முதல் அதன் பொதுச் சம்பள வரம்பு வருடத்துக்கு 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை வரம்பு உண்டு என்றாலும், கிளப் ஆபீசின் ஆரம்ப வேலைகளில் டிக்கெட்டிங், மேட்ச் டே, சோஷியல் மீடியா எதுவும் இந்தப் பக்கம் எளிதில் வராது. மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புக்கு விசா நான்கு மாதம் கூடுதலாக வரும் என்பதால் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்டு கட்ட வேண்டும். கன்சல்டன்சி தரும் செலவுப் பட்டியலில் 776 மட்டும் இருந்தால் மீதியையும் சரிபாருங்கள்.

இன்னொரு பொறி. படிக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது உண்மை. ஆனால் ஸ்டூடன்ட் விசாவில் விளையாட்டுப் பயிற்சியாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. கையில் கோச்சிங் லைசென்ஸ் இருக்கிறது, வார இறுதியில் அகாடமியில் சொல்லிக்கொடுத்து வாடகையைச் சமாளிப்போம் என்ற திட்டம் விசா மீறலில் முடியும்.

ஆன்லைன் படிப்பு இந்தப் பக்கத்து ஆட்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள்: நேரம். ஸ்பெயினில் மாலை 6 மணி வகுப்பு கோடையில் நமக்கு இரவு 9:30, குளிர்காலத்தில் 10:30. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரம் மாறும்போது வகுப்பு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். காலை 6 மணி ஷிப்டுக்கு விடியலுக்கு முன் கம்பெனி பஸ் ஏறுகிறவர் வாரம் இரண்டு நாள் இதைத் தாங்குவது கடினம். நேரலை வருகைக்கு மார்க் உண்டா, பதிவைப் பிறகு பார்த்தால் போதுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குரூப் அசைன்மென்ட் எத்தனை என்றும் கேளுங்கள். பிரேசில்காரரும் ஜப்பான்காரரும் ஒரே குழுவில் இருந்தால் மூவருக்கும் பொதுவான நேரம் யாராவது ஒருவருடைய தூக்கத்தில்தான் விழும். பிறகு அரசு வேலைக்கும் இந்தச் சான்றிதழைக் காட்டுவதாக எண்ணம் இருந்தால், அது இந்தியாவில் இணையாக ஏற்கப்படுமா என்று பணம் கட்டுமுன் விசாரிக்க வேண்டும். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார் என்பதும் முக்கியம்: பல்கலைக்கழகமா, கிளப்பா, தனியார் நிறுவனமா? கிளப் லோகோ பெரிதாகவும் பல்கலைக்கழகத்தின் பெயர் பொடி எழுத்திலும் இருந்தால் இரண்டு முறை படியுங்கள்.

கடன் விஷயத்தில் நம் மாவட்டங்களுக்கு ஒரு தனிச் சிக்கல். வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை ஜாமீன் இல்லை, 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் உத்தரவாதம், அதற்கு மேல் சொத்து. "மூணு ஏக்கர் மாந்தோப்பு இருக்கு" என்று தைரியமாகப் போவார்கள். வராக்கடனுக்கு ஈட்டுச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் விவசாய நிலத்தை வங்கி பறிமுதல் செய்ய முடியாது. அதனால் மேனேஜர் தோப்பைத் தொடத் தயங்குவார். ஊருக்குள் இருக்கும் வீடோ மனையோதான் எடுபடும். அதுவும் கூட்டுப் பட்டாவாக இருந்தால் அண்ணன் தம்பி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பட்டாவைத் தனியாகப் பிரிப்பது, வில்லங்கச் சான்று, சட்டக் கருத்து, மதிப்பீடு என்று மாதங்கள் ஓடிவிடும். செப்டம்பர் வகுப்புக்கு ஜனவரியிலேயே இதைத் தொடங்குங்கள். இங்கிலாந்து விசாவுக்குக் கணக்கில் காட்டும் சொந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் குறையாமல் நிற்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

பேப்பர் வேலையில் அடிக்கடி உதைப்பது இனிஷியல். மார்க் ஷீட்டில் 'கே. முருகன்', பாஸ்போர்ட்டில் 'முருகன் கிருஷ்ணன்', ஆதாரில் 'முருகன் கே'. நமக்கு மூன்றும் ஒரே ஆள்; அட்மிஷன் சாஃப்ட்வேருக்கு மூன்று ஆள். நோட்டரி பிரமாணப் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்கிரிப்டுக்கு தருமபுரி, கிருஷ்ணகிரி கலைக் கல்லூரிகளில் படித்தவர்கள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அது தொடங்கியது 1997-இல். அதற்கு முன் முடித்தவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம். பயோமெட்ரிக் கொடுக்கச் சென்னை போக வேண்டியதில்லை, பெங்களூரில் முடித்துவிடலாம்.

வேலைச் சந்தையை இனிப்பாகச் சொல்ல மனம் வரவில்லை. இந்திய கால்பந்தின் வணிக உரிமை 2010-இல் 15 வருடத்துக்கு 700 கோடிக்குக் கொடுக்கப்பட்டது. 2025 டிசம்பரில் அது முடிந்தது. முடியும் முன் புது டெண்டர் விட்டார்கள். நவம்பரில் திறந்து பார்த்தால் ஒரு விண்ணப்பமும் இல்லை. நாட்டின் முதல்நிலை லீகான ஐ.எஸ்.எல். தள்ளிப்போனது, சில கிளப்கள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. இந்தச் சூழலில் ஓசூர் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிப்பது எங்கள் பார்வையில் சூதாட்டம். வேலையில் இருந்தபடி படித்து, நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் மேட்ச் நாள் வேலை கிடைக்கிறதா என்று முயல்வது பிழைக்கத் தெரிந்த வழி. கிருஷ்ணகிரி டவுனில் ரயில் நிலையமே இல்லை. இரவு 9:30-க்கு முடியும் ஆட்டத்துக்குப் பிறகு என்.எச். 44-இல் பஸ்தான் கதி. தருமபுரிக்காரர்கள் ஓசூர் வழி ரயில் நேரத்தைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் செலவில்லாத ஒரு வெள்ளோட்டம் இருக்கிறது. இங்கிலாந்தின் கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் எந்த கிளப்பின் ஆண்டுக் கணக்கையும் இலவசமாக இறக்கலாம். லிவர்பூல் என்று தேடினால் குழம்பும்; 'தி லிவர்பூல் ஃபுட்பால் கிளப் அண்ட் அத்லெடிக் கிரவுண்ட்ஸ் லிமிடெட்' என்ற முழுப் பெயரில் தேடுங்கள். தலைவர் உரையைத் தாண்டி, பின்னால் 'இன்டான்ஜிபிள் அசெட்ஸ்' குறிப்புக்குப் போங்கள். தொடக்க விலை, சேர்ந்தது, விற்றது, இதுவரை கழித்தது, மீதி என்று ஐந்தாறு வரி இருக்கும். மேலே சொன்ன 100 கோடி கணக்கை அங்கே பொருத்திப் பாருங்கள். பிறகு 'ஆண்டு முடிந்தபின் நடந்தவை' குறிப்பு. அடுத்த வருடக் கணக்கில் வரப்போகும் வாங்கல், விற்றல் அங்கே எட்டிப் பார்க்கும். இப்படி மூன்று கிளப், மூன்று வருடம், ஒன்பது கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் முடியும். மூன்றாவது கணக்கிலேயே தூக்கம் வந்தால் டர்ஃப் பக்கம் போய் ஆடிவிட்டு வாருங்கள், கடன் மிச்சம். ஒன்பதாவதை முடித்துவிட்டுப் பத்தாவதைத் தேடினால், பட்டா நகலை எடுத்துக்கொண்டு வங்கிக்குக் கிளம்பலாம்.